பரணில் கிடக்கும் சைலன்ஸர்: கழற்றிய பைக் பாகங்களை என்ன விலைக்கு, எங்கே விற்பது?

புது பைக் வாங்கி முதல் சர்வீஸ் முடிவதற்குள் பாதி வண்டியைக் கழற்றிவிடுகிற ரகம் நாம். வண்டியோடு கம்பெனியே கொடுத்த ஸ்டாக் சீட்டில் இடுப்பு வலிக்கிறது என்று டூரிங் சீட் போடுவோம். சத்தம் போதவில்லை என்று வேறு சைலன்ஸர், பார்க்க அம்சமாக இல்லை என்று வேறு மிரர். கழற்றியதெல்லாம் பழைய லுங்கியில் சுற்றிப் பரணுக்குப் போகும். இரண்டு வருடம் கழித்து வெள்ளையடிக்க வீட்டை ஒழிக்கும்போது, "இந்தக் குழாயெல்லாம் எதுக்குடா வெச்சிருக்க?" என்று அம்மா கேட்பார். நண்பர்கள் என்னைக் கூப்பிடுவது அந்த நேரத்தில்தான். "புதுப்பேட்டையில தள்ளிடவா, ஓஎல்எக்ஸ்ல போடவா, இல்ல மெக்கானிக்கிட்டயே கொடுத்துடவா?"

நான் வியாபாரி இல்லை. 2022 மாடல் கிளாசிக் 350 ஒன்றும், ரொம்ப நாளாக ஒட்டவைத்துக்கொண்டிருக்கும் யமஹா ஆர்எக்ஸ்100 ஒன்றும் வைத்திருக்கிறேன். இரண்டுக்குமாகச் சேர்த்து நான்கைந்து வருடத்தில் முப்பது பாகங்களாவது விற்றிருப்பேன். சிலதில் நல்ல விலை கிடைத்தது, சிலதில் ஏமாந்தேன். "எங்கே அதிக விலை கிடைக்கும்?" என்று கேட்பதைவிட, "இந்தப் பாகத்துக்கு எந்த வழி?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பதுதான் கையில் காசு சேர்க்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தள்ளப் பார்க்கும்போதுதான் நஷ்டம்.

## முதலில், எதை வைத்து அளப்பது

வழிகளுக்குள் போகும் முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கையில் நிற்கும் பணம். விற்ற விலையைச் சொல்லவில்லை. பேக்கிங், பார்சல், போக வர பெட்ரோல், கொடுத்த கமிஷன் எல்லாம் போக மிச்சம் நிற்பது.

இரண்டாவது, உங்கள் நேரம். எழுநூறு ரூபாய் ஹேண்டில்பாருக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை வீட்டில் காத்திருந்தால் அது லாபமா என்று நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாவது, எத்தனை நாளில் விற்கும் என்பது. பரணில் வைத்த பொருள் அப்படியே இருக்காது. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் சைலன்ஸர் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும், குரோம் புள்ளி போடும், ரப்பர் இறுகும்.

நான்காவது, விற்ற பிறகு வரும் தலைவலி. "பிட் ஆகலை, காசைத் திருப்பிக் கொடு" என்பதில் தொடங்கி, திருட்டுப் பொருள் சந்தேகம் வரைக்கும் இதில் அடக்கம்.

ஐந்தாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. இந்தப் பாகம் நமக்கே திரும்பத் தேவைப்படுமா?

## விலை எங்கிருந்து தொடங்குகிறது

எல்லோரும் செய்யும் தவறு, பழைய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு விலை போடுவது. நீங்கள் என்ன கொடுத்து வாங்கினீர்கள் என்பது வாங்குபவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இன்றைக்கு கவுண்டரில் போய்க் கேட்டால் புதுசு என்ன விலை என்பதுதான் அவர் கணக்கு. சமீபத்தில் இதில் ஒரு பெரிய மாற்றமும் நடந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் வண்டிப் பாகங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 10,000 ரூபாய் இருந்த பொருள் முன்பு 12,800. அடக்க விலை மாறாமல் இருந்தால் இப்போது 11,800. ஆயிரம் ரூபாய் உங்கள் கை படாமலே கரைந்துவிட்டது. "நான் 12,800 கொடுத்தேன் ப்ரோ" என்று சொன்னால் எதிராளி மனசுக்குள் சிரிப்பார். பார்ட் நம்பரை எடுத்துக்கொண்டு போய் ஷோரூம் ஸ்பேர்ஸ் கவுண்டரில் இன்றைய விலையைக் கேளுங்கள், கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்து, அந்தப் புதுசு உடனே கிடைக்கிறதா என்று பாருங்கள். கவுண்டரில் ரெடியாக இருக்கும் பொருளை ஒருவர் செகண்ட்ஸில் வாங்க வேண்டுமென்றால் விலை நன்றாக இறங்க வேண்டும். ஆர்டர் போட்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டிய பொருள் என்றால் நிலைமை தலைகீழ். ஆர்எக்ஸ்100 இதன் உச்சம். 1985 முதல் 1996 வரை மட்டுமே வந்த வண்டி அது. அதனுடைய அசல் மிக்குனி கார்ப்ரேட்டர் நல்ல நிலையில் ஒன்று கையில் இருந்தால் சதவீதக் கணக்கெல்லாம் மறந்துவிடலாம், கேட்கிற ஆள்தான் விலை. ஜாவா, யெஸ்டி பழைய வண்டிகளும் இப்படித்தான். மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடிய பிறகு அந்த அசல் பாகங்கள் புதிதாக எங்கே முளைக்கும்?

மூன்றாவதாக, நீங்கள் அதை ஏன் கழற்றினீர்கள் என்பது. எனக்கு இது புரியவே இரண்டு வருடம் பிடித்தது. சைலன்ஸர், மிரர், சீட், இண்டிகேட்டர் எல்லாம் எல்லோரும் ஆசைக்குக் கழற்றுகிறவை. நீங்கள் விற்கும் அதே வாரத்தில் இன்னும் பத்துப் பேர் விற்பார்கள். அதனால் பளபளவென்று இருந்தாலும் விலை விழும். ஹெட்லைட், முன் மட்கார்ட், ஃபுட்ரெஸ்ட், லீவர், டேங்க் இவையெல்லாம் கீழே விழுந்தால் உடைகிறவை, நெளிகிறவை. ஆசைக்காக இவற்றைக் கழற்றுகிறவர் குறைவு, விழுந்து எழுந்து தேடுகிறவர் அதிகம். விலை நிற்கும்.

என் கைக்கணக்கு இது. இன்றைய புது விலையில் எவ்வளவு கேட்கலாம் என்று பார்த்தால்:

- பெட்டி பிரிக்காத பொருள், பில்லோடு: 75 முதல் 80 சதவீதம்.
- ஆயிரம் கிலோமீட்டருக்குள் கழற்றிய ஹெட்லைட், மட்கார்ட், டேங்க் போன்றவை: 55 முதல் 65.
- ஸ்டாக் சைலன்ஸர், சீட், மிரர்: 30 முதல் 40. ஐம்பது கேட்டு உட்கார்ந்திருந்தால் பரணில் இன்னொரு வருடம்.
- வெளியே வாங்கிப் போட்ட நல்ல பிராண்ட் கிராஷ் கார்ட், லக்கேஜ் கேரியர், பேனியர் (பக்கவாட்டுப் பெட்டி): 50 முதல் 60. லோக்கல் மேக் என்றால் கிடைத்ததை வாங்கிக்கொள்ளுங்கள்.
- டயர்: ஓடிய தூரத்தை மட்டும் சொன்னால் போதாது. பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் வருடம் 23-ஆவது வாரம். விவரம் தெரிந்தவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

இது சட்டமில்லை, சென்னையில் என் வண்டிகளுக்கு அமைந்த அளவு. ஒரு உதாரணம். ஹெட்லைட் செட் புதுசு 4,000 என்று வைத்துக்கொள்வோம். 600 கிலோமீட்டர் ஓடியது, கீறல் இல்லை. அறுபது சதவீதம் போட்டால் 2,400. "லாஸ்ட் எவ்ளோ ப்ரோ?" என்று கேட்காத ஆள் தமிழ்நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. அதனால் பத்து சதவீதம் ஏற்றி 2,650 என்று போடுகிறேன். அதற்கு மேல் ஏற்றினால் கூப்பிடவே மாட்டார்கள்.

இன்னொன்று: போல்ட், வாஷர், ரப்பர், கிளாம்ப். கழற்றும்போது மெக்கானிக் ஷெட்டின் மூலையில் உருண்டு போகும் இந்தச் சில்லறைகளை ஒரு ஜிப் கவரில் போட்டு அந்தப் பாகத்தோடேயே கட்டிவையுங்கள். பிட்டிங் முழுசாக இருக்கும் சீட்டுக்கும் பிராக்கெட் இல்லாத சீட்டுக்கும் ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் பார்த்திருக்கிறேன். அந்த பிராக்கெட்டைத் தனியாக வாங்கினால் நூறு ரூபாய் ஆகுமா என்பதே சந்தேகம். அலைச்சலுக்குத்தான் அந்த ஐந்நூறு.

சரி, இனி வழிகள்.

## வழி 1: விற்காமல் வண்டியோடு வைத்திருப்பது

விற்கும் கட்டுரையில் விற்காதே என்கிறானே என்று நினைக்க வேண்டாம். ஸ்டாக் பாகங்களில் பாதிக்கு இதுதான் சரியான வழி என்று எனக்குப் படுகிறது.

வண்டியை விற்கும் நாளில் வாங்க வருபவர் கேட்கும் முதல் மூன்று கேள்விகளில் ஒன்று, "ஸ்டாக் சைலன்ஸர் இருக்கா?" என்பது. இருக்கிறது என்று சொல்லி எடுத்துக் காட்டினால் விலையைக் குறைத்துக் கேட்பது பாதியில் நிற்கும். இல்லை என்றால் புது சைலன்ஸர் விலையை அப்படியே கழித்துக் கேட்பார். அதாவது பரணிலிருந்து எடுத்து 35 சதவீதத்துக்கு விற்ற பொருளுக்கு, அன்றைக்கு நூறு சதவீதம் நாம் கொடுக்கிறோம்.

போலீஸ் விஷயமும் இருக்கிறது. அதிகச் சத்தம் போடும் சைலன்ஸரைச் சோதனையில் பிடித்தால், அபராதம் கட்டியதோடு முடியாது, ஒரிஜினலை மாட்டிக்கொண்டு வா என்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒலி, புகை விதிகளை மீறுவதற்கான அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை போகலாம். அதே 2019 ஜனவரியில்தான், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் சொன்னது. வாரண்டிக் காலத்தில் சர்வீஸுக்கு விடும்போதும் ஸ்டாக் பாகம் கையில் இருந்தால் வாக்குவாதம் குறையும்.

மறைசெலவு இடம்தான். ஒற்றை அறை வாடகை வீட்டில் சைலன்ஸரை எங்கே வைப்பது? துருப்பிடிக்காமல் வைக்க வேண்டும்: லேசாக எண்ணெய் தடவி, இரண்டு முனையிலும் துணி அடைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி. வண்டியைப் பத்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வாதம் பலவீனமாகிவிடும், சைலன்ஸரைத் தவிர மற்றதை விற்றுவிடலாம்.

## வழி 2: உங்கள் மெக்கானிக்

"அண்ணே, இந்த சீட்டு சும்மா கெடக்கு, யாராவது கேட்டா கொடுத்துடுங்க." அவ்வளவுதான் வேலை. படம் எடுக்க வேண்டாம், பேச வேண்டாம். வாரத்துக்குப் பத்து வண்டி வரும் ஷெட்டில் அதே மாடல்காரர் ஒருவர் விழுந்து எழுந்து வருவார். மெக்கானிக்கே மாட்டியும் கொடுப்பதால் பிட் ஆகுமா என்ற சண்டை வராது.

என்ன விலை என்று முதலிலேயே பேசிவிடுங்கள். "உங்களுக்கு 1,500 கொடுத்தா போதும், மேல எவ்ளோ வந்தாலும் உங்களுது" என்று நான் சொல்வேன். இப்படிச் சொன்னால் அவருக்கும் விற்க ஆர்வம் வரும், நாமும் அவர் எவ்வளவுக்கு விற்றார் என்று துருவிக்கொண்டிருக்க வேண்டாம். பேசாமல் விட்டால் என்ன ஆகும்? எனக்கு ஆனது: ஒரு ஜோடி மிரரைக் கொடுத்து ஆறு மாதம் மறந்திருந்தேன். கேட்டபோது, "அது அப்பவே போயிடுச்சே தம்பி, அடுத்த சர்வீஸ்ல கழிச்சுக்கலாம்" என்றார். கழித்தார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் எவ்வளவு கழித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே உள்ள பொருட்களுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

## வழி 3: புதுப்பேட்டை

எழும்பூர் பக்கம் புதுப்பேட்டையில் நுழைந்தால் பிரித்துப்போட்ட வண்டிகளின் உலகம். புது ஸ்பேர், ஆக்சஸரி வேண்டுமென்றால் ஜி.பி. ரோடு, பழசை வாங்கவோ விற்கவோ என்றால் புதுப்பேட்டை. சென்னைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்கள் உங்கள் ஊரில் இதற்கு இணையான பழைய ஸ்பேர் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதன் பலம் ஒன்றே ஒன்று: இன்றைக்கே, கையிலே, ரொக்கம். காலையில் பையில் போட்டுக்கொண்டு போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.

விலை குறைவு. நான் முதன்முதலில் ஸ்டாக் சைலன்ஸர் ஒன்றைக் கொண்டுபோனபோது கடைக்காரர் கையில் வாங்கி, குலுக்கி, விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன எதிர்பாக்குறீங்க?" என்றார். நான் 1,500 என்றேன். அவர் 600 என்றார். 800-இல் முடிந்தது. அப்போது கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர் கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது. அந்த சைலன்ஸர் ஆறு மாதம் அவர் கடையில் தொங்கும், வாங்க வருபவரும் பாதி விலைக்குக் கேட்பார், வாடகை அவருடையது. என் தலைவலியை எடுத்துக்கொண்டதற்கு அவர் பிடித்த கூலி அது.

போவதென்றால் சில விஷயங்கள். ஒரே கடையில் கொடுக்காமல் நான்கு கடையில் கேளுங்கள். "மொத்தமா எடுத்துக்குங்க பாய்" என்று ஐந்தாறு பொருளை ஒன்றாக நீட்டினால் தனித்தனியாகக் கேட்டதைவிட முகம் மலரும், ஆனால் நல்ல பொருளை அந்த மூட்டையில் சேர்த்துவிடாதீர்கள், அது இலவசமாகப் போகும். காசுக்குப் பதில் உங்களுக்கு வேண்டிய பொருளை மாற்றிக்கொள்வது இங்கே லாபம். அவர் பொருளுக்கு அவரே போடும் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், ரொக்கத்தில் விடமாட்டார்.

ஆர்சி நகலும் அடையாள அட்டை நகலும் எடுத்துப் போங்கள். கேட்கும் கடை நல்ல கடை. எதுவுமே கேட்காமல் வாங்கும் கடையில் உங்கள் பொருள் யாருடைய பொருளோடு கலந்து கிடக்கும் என்று சொல்ல முடியாது. திருட்டுப் பொருளை அறிந்தே வாங்குவதும் வைத்திருப்பதும் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம். நாம் உள்ளே வராமலிருக்க, ஒரு துண்டுச் சீட்டிலாவது பொருள், தேதி, விலை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பிஎஸ்6 (2020-இல் வந்த புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டியின் புகைப்பாதையைக் கொண்டு போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அதில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கும். உள்ளே பூசியிருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் வகை உலோகங்கள். வெறும் இரும்புக் குழாய் எடைக்கு அதைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

## வழி 4: இணைய விளம்பரம்

ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் மாதிரி இடங்கள். காகிதத்தில் பார்த்தால் இங்கேதான் விலை அதிகம். வாங்குகிறவரும் நீங்களும் நேருக்கு நேர், நடுவில் யாரும் இல்லை. நடுவில் இருப்பவர் செய்யும் வேலையையெல்லாம் நீங்களே செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஒரு ஹேண்டில்பாரை 1,200-க்குப் போட்டேன். இருபத்து இரண்டு பேர் செய்தி அனுப்பினார்கள். பதினொரு பேர் "இருக்கா?" என்று கேட்டு, இருக்கிறது என்றதும் காணாமல் போனார்கள். ஏழு பேர் "லாஸ்ட்?" ஒருவர் மொபைல் கவரோடு எக்ஸ்சேஞ்ச் செய்வீர்களா என்றார், சத்தியமாக. இரண்டு பேர் ஞாயிறு வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. கடைசியில் ஒரு கல்லூரிப் பையன் வந்து 950-க்கு எடுத்துப் போனான். மூன்று வாரம்.

மோசடிதான் பெரிய ஆபத்து. பொருளைப் பார்க்காமலே "ஓகே சார், அட்வான்ஸ் அனுப்புறேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே உஷாராகுங்கள். ராணுவத்தில் இருக்கிறேன் என்று அடையாள அட்டைப் படம் அனுப்புவது பழைய உத்தி. பிறகு ஒரு க்யூஆர் கோடு வரும், "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்பார்கள். யுபிஐ-யில் பணம் வாங்க பின் போடவே தேவையில்லை, பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். ஹெட்லைட் விற்கப் போய் சம்பளத்தைத் தொலைத்தவரை எனக்குத் தெரியும். படித்தவர், என்னைவிடக் கெட்டிக்காரர்.

படத்தில் நம்பர் பிளேட் தெரியக் கூடாது. வீட்டு முகவரி கொடுக்காமல் பக்கத்து டீக்கடையிலோ பெட்ரோல் பங்கிலோ சந்திப்பது என் பழக்கம்.

எப்போது இது சரியான வழி? உங்கள் வண்டி ஊர் முழுக்க ஓடும் மாடலாக இருந்து, பொருளின் விலை இரண்டாயிரத்துக்கு மேலே இருந்து, உங்களுக்கு அவசரமும் இல்லாதபோது. மூன்றும் சேர வேண்டும்.

## வழி 5: ரைடர் குழுக்கள்

உங்கள் மாடலுக்கான வாட்ஸ்அப், டெலிகிராம், ஃபேஸ்புக் குழுக்கள். என் நல்ல விற்பனைகள் எல்லாம் இங்கேதான் நடந்தன. காரணம் எளிது: கூட்டத்தில் இருக்கும் எல்லோரிடமும் அதே வண்டி இருக்கிறது. "இது எந்த வண்டிக்கு?" என்ற கேள்வியே கிடையாது.

ஆனால் மாடல் பெயரை மட்டும் எழுதினால் இங்கேயும் மாட்டுவீர்கள். "கிளாசிக் 350 சீட்" என்று சொன்னால் எந்த கிளாசிக்? 2021 செப்டம்பரில் வந்த 349 சிசி வண்டியும் அதற்கு முந்தைய 346 சிசி வண்டியும் பெயரில்தான் ஒன்று. சேசிஸ் வேறு, எஞ்சின் வேறு, பெரும்பாலான பாகங்கள் ஒன்றுக்கொன்று மாட்டாது. பொதுவாகவே 2019 ஏப்ரல், 2020 ஏப்ரல் என்ற இரண்டு கோடுகளை நினைவில் வையுங்கள். முன்னதில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமானது, பின்னதில் பிஎஸ்6 வந்தது. பிரேக், வயரிங், எரிபொருள் பாகங்கள் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள். தயாரிப்பு மாதம், பார்ட் நம்பர், ஓடிய கிலோமீட்டர் மூன்றும் இருந்தால் பாதிக் கேள்விகள் வராது.

இங்கே மறைசெலவு பார்சல். வாங்குபவர் கோவையிலோ நாகர்கோவிலிலோ இருப்பார். கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள், எது அதிகமோ அதற்குக் காசு. 100க்கு 20க்கு 20 பெட்டியில் சைலன்ஸர் வைத்தால் எட்டுக் கிலோ கணக்கு. டேங்கை 65க்கு 45க்கு 40 பெட்டியில் வைத்தால் இருபத்து மூன்று கிலோவைத் தாண்டும், உள்ளே இருப்பது வெறும் காற்றுதான் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள். கனமான, பெரிய பொருளுக்கு பஸ் பார்சலோ லாரி பார்சலோ மேல், கூலியைப் பொருளை எடுக்கும்போது அவரே கட்டும் 'டு பே' முறையில். டேங்க் என்றால் பெட்ரோலை முழுக்க வடித்து, ஒரு வாரம் மூடியைத் திறந்து வைத்து வாடை போன பிறகுதான்.

எனக்கு ஒருமுறை நடந்தது: நல்ல ஹெட்லைட் ஒன்றை ஒரு சுற்று பபிள் ரேப்பில் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. பார்சல்காரர் எங்கள் பொறுப்பில்லை என்றார், வாங்கிய தம்பி படம் அனுப்பினார், நான் 2,200-ஐத் திருப்பி அனுப்பினேன். குழுவில் பெயர் கெட்டால் அடுத்த பொருள் போகாது. இப்போது பேக் செய்யும்போதே வீடியோ எடுத்து அனுப்பிவிடுகிறேன், உடையும் பொருளுக்கு இரட்டைப் பெட்டி.

## மாற்றிக் கொடுக்கும் கடை பற்றி ஒரு வார்த்தை

புது சீட்டோ எக்ஸாஸ்டோ வாங்கும் கடையில், "பழசை வெச்சிட்டுப் போங்க, ஐந்நூறு கம்மி பண்றேன்" என்பார்கள். புதுசின் விலையை வேறு கடையில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பல நேரம் அந்த ஐந்நூறு, சும்மா பேரம் பேசியிருந்தாலே குறைந்திருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | கையில் நிற்பது (புது விலையில், தோராயமாக) | நேரம் | மறைசெலவு | யாருக்கு நல்லது |
|---|---|---|---|---|
| வைத்திருப்பது | வண்டி விற்கும்போது தெரியும் | இல்லை | இடம், துரு | இரண்டு மூன்று வருடத்தில் வண்டியை மாற்றுகிறவர் |
| மெக்கானிக் | 25–35% | மிகக் குறைவு | மறந்துபோகும் கணக்கு | சில்லறைப் பொருள், வேலைப்பளு உள்ளவர் |
| புதுப்பேட்டை | 15–25% | அரை நாள் | போக்குவரத்து, பேரத்தில் தோற்பது | வீடு மாறுகிறவர், மூட்டையாக இருப்பது |
| இணைய விளம்பரம் | 35–55% | வாரக்கணக்கு | மோசடி, வராத ஆட்கள் | ஊரில் அதிகம் ஓடும் மாடல் |
| ரைடர் குழு | 40–60% | சில நாள் முதல் ஒரு மாதம் | பார்சல், உடைவு | அரிய பாகம், பிராண்ட் ஆக்சஸரி |

இந்தச் சதவீதங்களும் என் வண்டிகளின் கணக்குதான். பழைய ஆர்எக்ஸ் பாகம் வைத்திருப்பவர் அந்தச் சதவீதக் கட்டத்தை அடித்துவிட்டு, ஐந்தாம் வழிக்கு நேராகப் போகலாம்.

## என் கையில் இருந்தால்

சைலன்ஸரை வைத்திருப்பேன். சீட்டும் மிரரும் மெக்கானிக்கிடம். ஹெட்லைட், டேங்க், மட்கார்ட், கிராஷ் கார்ட் எல்லாம் முதலில் குழுவில் போட்டு இரண்டு வாரம் பார்ப்பேன். போகாவிட்டால் பத்து சதவீதம் குறைத்து இணைய விளம்பரம். அதிலும் ஒரு மாதம் போகாதது புதுப்பேட்டை மூட்டைக்கு. புதுப்பேட்டையில் சொல்லும் விலையை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டால் மற்ற இடங்களில் பேரம் பேசும்போது எங்கே நிற்பது என்று தெரியும், அதற்குக் கீழே எவன் கேட்டாலும் மறுத்துவிடலாம்.

சிலவற்றை எந்த விலைக்கும் விற்பதில்லை. தேய்ந்த பிரேக் பேட், கிளட்ச் பிளேட், செயின் ஸ்ப்ராக்கெட் போன்றவை அடுத்தவர் உயிரோடு விளையாட்டு. பிரேக் டிஸ்க் விற்பதானால் அதிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், வெர்னியர் அளவுகருவியில் அளந்து படத்தோடு காட்டிவிட்டு விற்கலாம். ஹெல்மெட் வேண்டவே வேண்டாம், ஒருமுறை கீழே விழுந்ததா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பழைய பேட்டரியைப் புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கழித்துவிடுங்கள், கொண்டு அலைந்தால் ஆசிட் துணியில் பட்டதுதான் மிச்சம். எஞ்சின் கிரான்க்கேஸ், சேசிஸ் மாதிரி நம்பர் பொறித்த எதையும் ஆர்டிஓ காகிதம் இல்லாமல் கைமாற்றாதீர்கள், விலை எவ்வளவு ஆசை காட்டினாலும் சரி.

போன மாதம் பரணைக் காலி செய்தேன். அம்மாவுக்குத் திருப்தி. அந்த சைலன்ஸர் மட்டும் இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவருக்கு இன்னும் தெரியாது.